என் பித்தப்பையில் இரண்டு கட்சி

என் பித்தப்பையில் மூன்று கற்கள் இருந்தன. அவற்றை யார் செலவில் வெளியே எடுப்பது என்று முடிவு செய்வதற்காக இரண்டு ஆண்கள் வாரக்கணக்கில் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் என் கணவர், ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் என் அண்ணன், பெரிய சாலையில் டயர் கடை வைத்திருப்பவன். இரண்டு பேருக்கும் வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

அவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. நாடே அப்போது அப்படித்தான் இருந்தது. எல்லாருடைய வைத்தியச் செலவையும் வரிப்பணத்திலிருந்து அரசே ஏற்க வேண்டுமா, இல்லை அவரவர் தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்வதா என்று மக்களிடமே ஓட்டுக்கு விட்டிருந்தார்கள். முடி வெட்டும் கடையில் ஒரு காதோரம் வெட்டி முடித்துவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாதாடினார்கள். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்கூட நடுச்சாலையில் என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். என் அபிப்பிராயம் "கிளட்ச்சை மிதிங்க" என்பதுதான்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரே கார், ஒரே ஆசிரியை. கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் நான் உட்காரும் இருக்கைக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர் எதன் மேலாவது மோதப்போனால் நான் மிதித்துவிடுவேன். கல்யாணமான பெண்கள் எல்லாருக்கும் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே இப்படி ஒன்று வைத்துக் கொடுத்தால் புண்ணியமாய்ப் போகும்.

முதல் வலி அந்த பிரேக்கின் மேல்தான் வந்தது. அன்றைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வங்கி ஆபீசர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். எல்லாம் வந்துவிட்டது அவருக்கு, வலது பக்கம் திரும்புவது மட்டும் வரவில்லை. எங்கள் ஊரில் வண்டிகள் இடது ஓரமாகப் போகும். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் எதிரே வருகிற வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். இவர் கண்ணுக்கு இடைவெளி என்று ஒன்று தெரியவே தெரியாது. எல்லாரும் போய் முடியட்டும் என்று இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் ஹாரனிலேயே அவருடைய பரம்பரையைத் திட்டுவார்கள்.

வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ ஸ்பேனர் போட்டு முறுக்குவது போல இருந்தது. அப்படியே முதுகைச் சுற்றிக்கொண்டு வலது தோள்பட்டை வரைக்கும் ஏறியது. நான் இரண்டாக மடங்கி பிரேக்கை மிதித்துவிட்டேன். கார் குலுங்கி நின்றது. வங்கி ஆபீசர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிவிட்டார்.

"நான் என்ன மேடம் தப்பு பண்ணினேன்?"

ஸ்கேன் எடுத்தார்கள். தெருமுனை டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மூணு கல்லு இருக்குங்க. ஒன்னு நகர்ந்து குழாயில போய் அடைச்சுதுன்னா வம்பாயிடும். தள்ளிப்போடாம பித்தப்பையை எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். பொதுச் சேவைக்குப் பொதுச் செலவு என்று பேசுகிற புருஷனுக்கும், சொந்தக் கடைக்காரனான அண்ணனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அரசு ஆஸ்பத்திரிதான்" என்றார் என் கணவர், அன்று மத்தியானச் சாப்பாட்டில். "வருஷா வருஷம் வரி கட்டறோம்ல? சிக்னல்ல பச்சை விழுந்தா எல்லா ரயிலுக்கும் பச்சைதான். காசு குடுத்த ரயிலுக்கு மட்டும் பச்சை காட்டினா நாடு தாங்குமா?"

"அங்க வரிசையில நின்னு முறை வர்றதுக்குள்ள கல்லு தானா கரைஞ்சுடும் மாப்ளே" என்றான் அண்ணன். "நான் டயரை ஒழுங்கா மாட்டலன்னா அடுத்த தடவை எதிர்க் கடைக்குப் போயிடுவான். அந்தப் பயம் இருக்கறதாலதான் நான் நட்டை நாலு தடவை முடுக்கறேன். பயமே இல்லாத ஆஸ்பத்திரியில எவன் முடுக்குவான்?"

"தனியார்ல போனா பித்தப்பையோட பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து எடுத்துட்டு, அதுக்கும் பில் போடுவான் மச்சான்!"

"உங்க ஆளுங்க எதையும் எடுக்கவே மாட்டாங்களே!"

"யாராவது ஒருத்தர் சீக்கிரம் ஜெயிச்சுத் தொலைங்க" என்றேன் நான். காதில் வாங்கினால்தானே.

அண்ணி மட்டும் எதுவும் பேசவில்லை. டயர் கடையில் கல்லாவில் உட்காருகிறவர் அவர். அண்ணன் பேச்சுக்கு நடுவில் நுழைய இடம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் வாயை மூடிக்கொள்வதே சுலபம் என்று விட்டுவிட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் எனக்கு ஒத்தாசையாகச் சமையலறையிலேயே இருந்துவிடுவார். அவரை நான் ரொம்ப சாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சண்டை எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கும். இருவரும் வாதக் கழகத்தில் உறுப்பினர்களாக இருந்ததுதான் வினையாகிவிட்டது. நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிற கழகம் அது. அதற்குத் தலைவர் ஒரு கால்நடை டாக்டர். மாடுகள் மனிதர்களைவிட ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்கும் என்பது அவருடைய அனுபவம். அதனால் கழகத்துக்கு ஒரு விதி போட்டிருந்தார். யாராக இருந்தாலும் முதலில் எதிராளியின் கட்சியை எடுத்துச் சொல்ல வேண்டும். அரைகுறையாக, கேலியாகச் சொல்லக் கூடாது. எதிராளியே "ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்" என்று திருப்தியாகத் தலையாட்டினால்தான் தன் கட்சியைப் பேசலாம்.

நல்ல விதிதான். ஆனால் என் அண்ணன் தலை லேசில் ஆடாது. என் கணவர் தலை அதற்கும் மேல். அவர் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து தனியார் கட்சியை எடுத்துச் சொல்வார். அண்ணன் உதட்டைப் பிதுக்குவான். அண்ணன் எழுந்து அரசுக் கட்சியைச் சொல்வான். என் கணவர் கூரையைப் பார்ப்பார். இரண்டு பேரும் சொந்தக் கட்சிக்கு வந்து சேரவே இல்லை. ஆபரேஷனும் அதனால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. "வாதம் முடியட்டும், ஜெயிச்சவங்க சொல்ற இடத்துக்குப் போயிடலாம்" என்று இருவரும் அவர்களுக்குள்ளேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயிறு யாருடையது என்று அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் வரவில்லை.

நான் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பயம்தான் காரணம். கத்தி என்றால் எனக்குக் குலை நடுங்கும். அவர்கள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. வலி வராத நாட்களில் கல் இருப்பதே பொய் என்று தோன்றும். எண்ணெயில் பொரித்ததை ஒரு வாய் தின்றால் பொய் இல்லை என்று தெரிந்துவிடும்.

எதிராளியின் தலையை ஆட்ட வைத்தே தீருவது என்று இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். என் கணவர் விடுமுறை நாளில் டயர் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். வாடிக்கையாளர் எப்படி வருகிறார், எப்படி எதிர்க் கடையைக் காட்டி மிரட்டுகிறார், அண்ணன் எப்படி வேர்த்து விறுவிறுத்து வேலை செய்கிறான் என்றெல்லாம் பார்த்தார். சட்டையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தார். அண்ணன் கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு சிக்னல் அறைக்குப் போனான். முகம் தெரியாத ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே பத்திரமாகப் போவதற்காக ஒரு மனிதன் கண் கொட்டாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவன் திரும்பி வந்தபோது கொஞ்சம் அமைதியாக இருந்தான். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய சனிக்கிழமை கடைசி வாதம். அன்றைக்கு நானும் அண்ணியும் போயிருந்தோம். மாடி அறையில் நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் எழுந்து தனியார் கட்சியைச் சொல்ல ஆரம்பித்தார்.

"என் மனைவியையே எடுத்துக்குவோம்" என்றார்.

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என் முகத்தை இல்லை, வயிற்றை. நான் கைப்பையை எடுத்து வயிற்றின் மேல் வைத்து மறைத்துக்கொண்டேன்.

"அவங்க பித்தப்பையில கல்லு. அதை எடுக்கறவருக்கு, இது சரியா நடக்கலன்னா நாளைக்கு நம்மகிட்ட யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு பயம் இருக்கணுமா, வேண்டாமா? டயருக்கு இருக்கற மரியாதை என் மனைவிக்கு இல்லையா?" என்று ஆரம்பித்து, நட்டு, போல்ட்டு, எதிர்க் கடை என்று அவர் பேசியதைக் கேட்டு அண்ணன் கண் கலங்கிவிட்டான். தன்னை யாரோ முதல் தடவையாகப் புரிந்துகொண்டார்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டினான். கூட்டம் கைதட்டியது.

அடுத்து அண்ணன். "என் தங்கச்சியையே எடுத்துக்கங்க" என்றான். மறுபடியும் எல்லாரும் என் கைப்பையைப் பார்த்தார்கள். "ரயில்ல போறவன் டிரைவர்கிட்ட பேரம் பேசறானா? வலியில துடிக்கிற ஒருத்திக்கு நாலு கடை ஏறி விலை விசாரிக்கத் தெம்பு இருக்குமா? பச்சை விழுந்தா எல்லாருக்கும் விழணும்." என் கணவர் கூரையைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார்.

தலைவர் மணியடித்து, இனி அவரவர் தங்கள் சொந்தக் கட்சியைப் பேசலாம் என்றார். என் கணவர் எழுந்து தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். "நான் கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. இப்படி ஒரு முடிவை மாடுகளிடம்கூடத் தான் பார்த்ததில்லை என்றார் தலைவர்.

மறுநாள் ஞாயிறு காலை. என் கணவர் காபிக் கோப்பையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் நல்லா யோசிச்சுட்டேம்மா. மச்சான் சொல்றதுதான் சரி. தனியாருக்கே போயிடலாம்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அரசோ தனியாரோ, முடிந்தது. பெட்டியை இறக்கித் துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை என்று எடுத்து வைத்தேன். பயம் இருந்தது, ஆனால் முடிவு தெரிந்த பயம் வேறு மாதிரி. வாசலில் அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணியோடு உள்ளே வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்ளே, ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க சொல்றதுதான் நியாயம். தங்கச்சியை அரசு ஆஸ்பத்திரியிலதான் சேர்க்கணும்."

சமையலறை வாசலில் அண்ணி அப்படியே நின்றுவிட்டார். நான் கையில் சோப்போடு நின்றேன்.

"என்ன மச்சான் இப்படிப் பேசறீங்க? பயம் இல்லாத இடத்துல எவன் நட்டை முடுக்குவான்?" என்றார் என் கணவர்.

"பச்சை விழுந்தா எல்லாருக்கும் விழ வேண்டாமா?" என்றான் அண்ணன்.

"நீங்க சொல்லித்தானே நான் மாறினேன்!"

"நீங்க சொல்லித்தானே நானே மாறினேன்!"

மறுபடியும் மேஜையின் இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை இன்னும் மோசம். மாறி வந்தவர்களுக்கே உரிய வேகம் இரண்டு பேருக்கும். என் கணவர் மேஜையைத் தட்டியதில் என் காபி கொட்டியது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், கையிலிருந்த சோப்பை மேஜை நடுவில் ஓங்கி வைத்தேன்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும். உங்க கழகத்து விதிப்படியே வர்றேன். முதல்ல என் கட்சியைச் சொல்லுங்க. நான் தலையாட்டினா அப்புறம் நீங்க பேசலாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன் கட்சின்னா... நீ நடுநிலைதானே?" என்றார் என் கணவர்.

"எனக்கு எங்க வலிக்குது? அதைச் சொல்லுங்க போதும்."

அண்ணன் முந்திக்கொண்டு தன் தொப்புளைத் தொட்டுக் காட்டினான். நான் தலையாட்டவில்லை. என் கணவர் தன் இடது விலாவில் விரலை வைத்தார். நான் தலையாட்டவில்லை. இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலை மெதுவாக மேலே, கீழே, குறுக்கே என்று நகர்த்திக்கொண்டு போனார். ஊரே கைதட்டுகிற அளவுக்கு என் பித்தப்பையைப் பற்றிப் பேசியவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவர்களுக்குக் காட்டப் பிடிக்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வங்கி ஆபீசருக்கு அன்றைக்கு வகுப்பு இருந்தது.

மனசு சரியில்லாத நாளில் வேலை பார்ப்பது நல்லது என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு அது பொருந்தாது. நாலு தெரு தாண்டுவதற்குள் வலி பிடித்துக்கொண்டது. முன்பு வந்ததெல்லாம் ஒத்திகை, நாடகம் இன்றைக்குத்தான் என்கிற மாதிரி வலி. மூச்சை இழுக்க முடியவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. பிரேக்கை மிதிக்கக்கூடக் காலில் தெம்பில்லை. வங்கி ஆபீசர் தானாகவே ஓரமாக நிறுத்தினார், அதுவும் இண்டிகேட்டர் போட்டு.

"மேடம்! மேடம்! ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?"

"அது வர்றதுக்குள்ள... நீங்களே போங்க..." என்றேன்.

"எந்த ஆஸ்பத்திரி மேடம்? அரசா, தனியாரா?"

அந்த வலியிலும் எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. "எதுவா இருந்தா என்ன, போங்க சார்!"

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் மானத்தையே என் முன்னால் எடுத்து வைக்கிற மாதிரி சொன்னார். "மேடம், ஒன்னுக்குப் போகணும்னா வலது பக்கம் ரெண்டு தடவை திரும்பணும். இன்னொன்னுக்கு இடது பக்கமாவே போயிடலாம்."

"இடது பக்கமே போங்க."

இரண்டு பேர் தொண்டை கிழியப் பேசியும், ஒரு ஊரே கைதட்டியும், நாடே ஓட்டுப் போடப் போயும் தீராத விவகாரம், ஒரு வங்கி ஆபீசருக்கு வலது பக்கம் திரும்ப வராததால் தீர்ந்துபோனது. கூரையில் எல்-போர்டு வைத்த கார், எல்லா வேகத்தடைக்கும் மரியாதை கொடுத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. வழியில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார்.

அது எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. கடைசிவரைக்கும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் "பார்த்தியா, நான் அப்பவே சொல்லலை?" என்பீர்கள். மீதிப் பேர் "அது ஏதோ உன் அதிர்ஷ்டம்" என்பீர்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் என் ஆயுசுக்கும் சேர்த்துக் கேட்டாகிவிட்டது. சக்கரத்தில் ஒன்று மட்டும் கிறீச்சிடுகிற கட்டிலும், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளும், கொண்டைக்குள் பேனாவைச் செருகியிருந்த ஒரு நர்ஸும் அங்கே உண்டு என்பது போதும்.

டாக்டர் வயிற்றை அழுத்தினார், நான் கத்தினேன், அவர் "ம்" என்றார். கல் ஒன்று குழாய் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது, இன்றைக்கே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். நர்ஸ் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார்.

"கூட வந்திருக்கறது யாரு?"

"நான்தாங்க" என்றார் வங்கி ஆபீசர்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நான்... எல்-போர்டுங்க" என்றார்.

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் பக்கம் குனிந்தார். "சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்கம்மா. மயக்கம் தெளியும்போது தெரிஞ்ச முகம் ஒன்னு பக்கத்துல இருக்கணும்" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கணவரைக் கூப்பிட்டால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அண்ணனைக் கூப்பிட்டாலும் அதையேதான் கேட்பான். இருவரும் நல்லவர்கள், என் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டால் கல் என் வயிற்றிலேயே வெடித்துவிடும் என்று தோன்றியது. கடைசியில் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"ஐயோ, ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்றார் அண்ணி.

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. நான் அழுததைப் பார்த்து வங்கி ஆபீசரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அதைக் கேட்டார். அது எந்த இடம், என்ன செலவு என்று அண்ணி கேட்கவே இல்லை. "எந்த மாடி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு ஊசி போட்டிருந்தார்கள். வலி கொஞ்சம் தூரத்தில் போய் நின்றது. வங்கி ஆபீசர் அண்ணியிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, துணைக்கு ஆள் இல்லாமல் காரை ஓட்டக் கூடாது என்று சட்டம் பேசி, அதை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கடைக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை எந்தக் கடைன்னுகூட கேக்கல. இரு, இப்ப சொல்லிடறேன்" என்று போனை எடுத்து, இடத்தைச் சொல்லி, மறுமுனையில் கேள்வி கிளம்புவதற்குள் வைத்துவிட்டார். அவருக்கு அது வரும் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கீழே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பழக்கமான குரல்கள் கேட்டன. அண்ணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வங்கி ஆபீசர் என் காரை இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் குறுக்காக விட்டுவிட்டுப் போயிருந்தார். காவலாளி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காத்திருந்தவர், இவர்கள் இரண்டு பேரும் காரைப் பார்த்துவிட்டு ஓடி வரவும் பிடித்துக்கொண்டார்.

"என்ன பேசிக்கறாங்க அண்ணி?"

அண்ணி காதைக் கொடுத்துக் கேட்டார். "பார்க்கிங்கைக் குத்தகைக்கு விடறதா, இல்லை ஆஸ்பத்திரியே நடத்தறதான்னு பேசிக்கறாங்க. உன் வீட்டுக்காரர் குத்தகைன்றார். உங்க அண்ணன் கூடாதுன்றார். காவலாளி உன் வீட்டுக்காரர் பக்கம்."

நான் சிரித்தேன். ஊசியையும் மீறி வலித்தது. சிரிக்க வேண்டாம் என்று அண்ணி அதட்டினார். பிறகு அவர் பாட்டுக்கு வேலையில் இறங்கினார். என் தோட்டையும் மோதிரத்தையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தார். முடியை வாரிச் சுருட்டி, அவர்கள் கொடுத்த பச்சைத் தொப்பிக்குள் ஒரு முடி வெளியே தெரியாமல் நுழைத்தார். நகப்பூச்சு இருக்கிறதா என்று விரலைப் புரட்டிப் பார்த்தார். "தண்ணி குடிச்சியா? பல்லு ஏதாவது ஆடுதா? கேப்பாங்க" என்றார். முடிச்சைப் பின்பக்கம் கட்டுகிற அந்த அங்கியை, நர்ஸ் சொல்வதற்கு முன்பே சரியாகத் திருப்பி எனக்குப் போட்டுவிட்டார்.

"உங்களுக்கு எப்படி அண்ணி இதெல்லாம் தெரியும்?"

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டே இருந்தார். "மார்ல ஒரு கட்டி இருந்துச்சு. எடுத்தாச்சு. கெட்டது இல்லன்னு சொல்லிட்டாங்க."

"எப்போ?"

"எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னு ஒரு வாரம் போனேன்ல, அப்போ. அக்காதான் கூட இருந்தா."

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவள் இல்லாமல் கடைக் கணக்கே புரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் சமையலறையில் பெரிய பாத்திரத்தை ஒரு கையால் தூக்கினார். இன்னொரு கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தார். நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேரும் மேஜையில உட்கார்ந்திருப்பாங்க" என்றார் அண்ணி. "எனக்கு அவ்வளவு நேரம் இல்லம்மா. பயமா இருந்துச்சு."

எத்தனையோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"எங்க அண்ணி பண்ணிக்கிட்டீங்க? அரசா, தனியாரா?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கீழே இரண்டு பேரும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள், இப்போது காவலாளியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"ரொம்ப வலிச்சுது" என்றார் அண்ணி.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். எப்போது முதலில் தெரிந்தது, குளிக்கும்போதா, யாரிடம் முதலில் சொன்னீர்கள், ராத்திரி தூக்கம் வந்ததா, இப்போதும் இழுக்கிறதா என்று கேட்டேன். அண்ணி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு பேச்சை அவரிடம் நான் கேட்டதே இல்லை. நர்ஸ் வந்து என் கட்டிலைத் தள்ள ஆரம்பித்த பிறகும், கதவு வரைக்கும் கூடவே நடந்துகொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.